பாலாற்றைக் கசப்பாக்கியது எந்த நட்சத்திரம்?

2021 நவம்பர் மாதத்தைப் பேரணாம்பட்டு ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள். அடைமழை கொட்டிற்று. பாலாற்றில் வெள்ளம் புரண்டது. 19ந் தேதி காலை ஊருக்குள் ஒரு வீடு இடிந்து விழுந்து, நான்கு குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் மாண்டார்கள். பத்து நாள் கழித்து, 29ந் தேதி விடியற்காலை 4 மணி 17 நிமிஷத்துக்கு, பூமி அதிர்ந்தது. வேலூருக்கு மேற்குத் தென்மேற்கே 59 கிலோ மீட்டரில், 3.6 அளவுள்ள அதிர்ச்சி என்று நில அதிர்வு மையம் அறிவித்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் கொரோனா இரண்டாம் அலையில் பிணங்களை அடக்கம் செய்து ஓய்ந்திருந்தோம்.

இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே காத்திருக்கும் ஒரு பிரசங்கம் உண்டு. "அடையாளங்கள் நிறைவேறிவிட்டன. யுத்தம், பஞ்சம், கொள்ளைநோய், பூமியதிர்ச்சி எல்லாம் வந்தாயிற்று. தண்ணீரும் கசந்துவிட்டது. இது கடைசி காலம். இனி நடப்பது தேவசித்தம். சங்கம், கொடி, கோரிக்கை என்று அலைவது வீண். ஜெபித்துக் காத்திருங்கள்." வெளிப்படுத்தின விசேஷம் என்ற புத்தகத்தைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு இதைச் சொல்கிறார்கள். தோல் தொழிற்சாலையிலும் ஷூ கம்பெனியிலும் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வந்த பெண்கள் தரையில் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

இந்தப் பேச்சு ஒரு மதத்துக்கு மட்டும் சொந்தமல்ல. கலி முற்றிவிட்டது என்று ஒருவர் சொல்கிறார். கியாமத்தின் அடையாளங்கள் தெரிகின்றன என்று மற்றொருவர் சொல்கிறார். பெயர்தான் வேறு. எல்லாரும் தொழிலாளியிடம் சொல்லும் புத்தி ஒன்றே: இருந்த இடத்திலேயே இரு!

நாம் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். விசுவாசிகளை ஏளனம் செய்வது நமது வேலையல்ல. அவர்கள் நம்முடைய ஜனங்கள். சுண்ணாம்புத் தொட்டியில் கை வெந்தவர்களும், உப்புத் தோல் சுமந்து முதுகு புண்ணானவர்களும் அவர்கள்தான். நமது சண்டை அவர்களுடைய வேதத்தை அவர்களுக்கு எதிராகவே திருப்புகிறவர்களோடு. ஆகவே அந்தப் புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம்.

எழுதியது யாருக்கு?

அது பேரணாம்பட்டுக்கு எழுதப்பட்டதல்ல. 2021ஆம் வருஷத்துக்கு எழுதப்பட்டதுமல்ல. முதல் மூன்று அதிகாரங்களைப் படித்தாலே விலாசம் தெரிந்துவிடும். இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த ஏழு ஊர்களின் சபைகளுக்கு, பத்மு என்ற தீவிலிருந்து யோவான் என்பவர் எழுதிய கடிதம் அது. காலம் கி.பி. 95 வாக்கில், தொமித்தியன் ரோமாபுரிச் சக்கரவர்த்தியாக இருந்தபோது என்பது இன்றைய ஆராய்ச்சியாளர்களில் பெரும்பாலோர் முடிவு.

அந்த ஏழு ஊர்களில் ஒன்று தியத்தீரா. அங்கே கிடைத்த கல்வெட்டுகளில் தொழிற்குழுக்களின் பெயர்கள் இருக்கின்றன. சாயத் தொழிலாளர், கம்பளி நெய்வோர், குயவர், ரொட்டி சுடுவோர், கன்னார் ஆகியோரோடு தோல் பதனிடுவோரும் அந்த வரிசையில் இருக்கிறார்கள்! மற்றோர் ஊர் பெர்கமு. ஆட்டுத் தோலையும் கன்றுத் தோலையும் சீவி எழுதப் பயன்படுத்திய தோற்சுவடிக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயரே அந்த ஊர்ப் பெயரிலிருந்து வந்தது. பிற்காலத்தில் வேதாகமம் முழுவதும் அந்தத் தோலில்தான் எழுதப்பட்டது. நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய்ச் சுவடி பிராணித் தோலில் எழுதப்பட்டதே. தோல் தொழிலாளியின் கை படாமல் வேதமே நிலைத்திருக்காது.

அந்தத் தொழிலாளிக்கு அன்று என்ன மரியாதை? யூதர்களின் மிஷ்னா சட்டத் தொகுப்பு, தோல் பதனிடும் இடம் ஊருக்கு ஐம்பது முழம் தள்ளி இருக்க வேண்டும் என்று விதித்தது. நாற்றம் பிடித்த தொழில், தீட்டான தொழில். யோப்பா பட்டணத்தில் பேதுரு போய்த் தங்கியது தோல் பதனிடும் சீமோன் வீட்டில். அந்த வீடு கடலோரத்தில் இருந்தது என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் வீட்டில் தலைமைச் சீடர் சாப்பிட்டுப் படுத்தார். இதைச் சொல்லிப் பிரசங்கம் செய்கிறவர் எத்தனை பேர்?

ஆகவே அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் பலர் கைத்தொழில் செய்தவர்கள், கூலிகள், அடிமைகள். அவர்கள் தலைமேல் ரோமாபுரி உட்கார்ந்திருந்தது. வரி அதற்குப் போயிற்று. தானியம் அதற்குப் போயிற்று. ராஜாவைத் தெய்வமென்று கும்பிடும்படி கோவில்கள் எழும்பின. அந்த ஜனங்கள் ராஜாவின் பெயரைச் சொல்லித் திட்ட முடியுமா? முடியாது. ஆகவே மிருகம் என்றார்கள், பாபிலோன் என்றார்கள், ஏழு மலைகளின்மேல் உட்கார்ந்திருக்கும் ஸ்திரீ என்றார்கள். ஏழு மலைகளின்மேல் கட்டிய நகரம் ரோமாபுரி என்பது அன்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அடையாளங்களின் கணக்கு

மிருகத்தின் இலக்கம் 666 என்றால் என்ன? பார்கோடு என்றார்கள். பிறகு ஆதார் என்றார்கள். பிறகு கொரோனா தடுப்பூசி என்றார்கள். இதை எழுதுகிறவன் வேத பண்டிதன் அல்ல. பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ஆனால் கூட்டல் கணக்கு தெரியும். தமிழில் க என்றால் ஒன்று, உ என்றால் இரண்டு என்று எழுத்தையே எண்ணாக எழுதினோம் அல்லவா? எபிரெய மொழியிலும் அப்படியே. நீரோ சக்கரவர்த்தியின் பெயரை எபிரெய எழுத்தில் "நேரோன் கேசர்" என்று எழுதினால்: 50, 200, 6, 50, 100, 60, 200. கூட்டிப் பாருங்கள், 666. சில பழைய பிரதிகளில் 616 என்று இருக்கிறது. லத்தீன் உச்சரிப்புப்படி "நேரோ" என்று கடைசி எழுத்தை விட்டுவிட்டால் ஐம்பது குறைகிறது. இரண்டு கணக்கும் ஒரே ஆளிடம் போய் நிற்கின்றன. கிறிஸ்தவர்களைக் கொன்ற நீரோ 68ல் தற்கொலை செய்துகொண்டான். அவன் சாகவில்லை, திரும்பி வருவான் என்ற வதந்தி பல வருஷம் உலவிற்று. சாவுக்காயம் ஆறிய மிருகம் என்ற சித்திரம் அங்கிருந்து வந்தது.

பூமியதிர்ச்சி? அந்த ஏழு ஊர்களும் பூமியதிர்ச்சிப் பிரதேசத்தில் இருந்தவை. கி.பி. 17ல் ஓர் இரவில் பன்னிரண்டு நகரங்கள் இடிந்தன. சர்தையும் பிலதெல்பியாவும் அவற்றில் சேர்ந்தவை. 60ல் லவோதிக்கேயா இடிந்தது. அப்பனும் பாட்டனும் கண்டதைத்தான் யோவான் எழுதினார். கேட்டவர்களுக்கு அது வருங்கால ஜோசியமாகத் தோன்றியிருக்காது. உடம்பு அறிந்த விஷயம்.

பஞ்சம்? கறுப்புக் குதிரைமேல் தராசோடு வருகிறவன் சொல்லும் விலைவாசியைக் கவனியுங்கள். ஒருநாள் கூலிக்கு ஓர் ஆள் ஒருநாள் தின்னும் கோதுமை. அல்லது அதைப்போல் மூன்று பங்கு வாற்கோதுமை. அதாவது பெண்டாட்டி பிள்ளைக்குக் கோதுமை கிடையாது. ஆனால் எண்ணெயையும் திராட்சரசத்தையும் தொடக்கூடாதாம்! அவை பெரிய பண்ணைகளின் வியாபாரச் சரக்கு. இது கற்பனையா? 92, 93 வாக்கில் பிசிதியாவின் அந்தியோகியாவில் பஞ்சம் வந்தபோது, ரோமாபுரி அதிகாரி வெட்டி வைத்த உத்தரவு கல்லிலேயே கிடைத்திருக்கிறது. பதுக்கி வைத்தவர்கள் தானியத்தை வெளியே எடுக்க வேண்டும். ஒரு மோதியுக்கு ஒரு தெனாரிக்கு மேல் விற்கக்கூடாது என்று அது கூறுகிறது. பஞ்சத்துக்கு முன் விலை அதில் பாதி. யோவான் சொல்லும் விலையோ அந்த உச்ச விலையைப்போல் சுமார் எட்டு மடங்கு. ஆக, தராசுக்காரன் வானத்திலிருந்து இறங்கியவனல்ல. பதுக்கல்காரனின் கடைத் தராசுதான் அது!

பதினெட்டாம் அதிகாரத்தில் மகா பாபிலோன் விழுகிறது. யார் அழுகிறார்கள்? ராஜாக்கள், வியாபாரிகள், கப்பல் வியாபாரத்தால் பிழைத்தவர்கள். தங்கள் சரக்கை வாங்க ஆளில்லையே என்று வியாபாரிகள் புலம்புகிறார்கள். பொன், முத்து, பட்டு, தந்தம், மா, மந்தை என்று சரக்குப் பட்டியல் நீண்டு, கடைசியில் மனிதரின் சரீரமும் உயிரும் என்று முடிகிறது. மனிதனைச் சரக்காக்கிய ஏகாதிபத்தியத்தின் பட்டியல் அது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள்மேல் 50 சதவீதம் வரி போட்டபோது ஆம்பூர் ஷூவுக்கும் அந்த அடி விழுந்தது. இதை யோவான் பத்மு தீவிலிருந்து பார்த்துவிட்டார் என்று நாம் சொல்லவில்லை. தூரத்துத் தலைநகரத்தின் ஒரு கையெழுத்தால் இங்கே வேலை போகும் என்ற பயம் அவருடைய வாசகர்களுக்கும் தெரிந்ததே என்றுதான் சொல்கிறோம்.

நம் நாட்டிலும் நடந்தது

இப்படி மறைத்துப் பேசுவது தமிழருக்குப் புதிதா? தெற்குத் திருவாங்கூரில் தாழ்த்தப்பட்ட ஜனங்கள் பனைக்கு வரி, தலைக்கு வரி கட்டி, கூலியில்லாத ஊழியம் செய்து, பெண்கள் மார்பை மூடக்கூடாது என்ற கட்டளையின்கீழ் வாழ்ந்த காலத்தில், அய்யா வைகுண்டர் எழுந்தார். 1841ல் அவருடைய சீடர் அரிகோபாலன் எழுதிய அகிலத்திரட்டு அம்மானையில் திருவாங்கூர் மன்னன் கலிநீசன், வெள்ளைக்காரன் வெண்ணீசன். கலி அழியும், தர்மயுகம் பிறக்கும் என்று அது சொல்கிறது. கேட்ட ஜனங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்களா? தலைப்பாகை கட்டினார்கள், நிமிர்ந்து நடந்தார்கள். சர்க்கார் வைகுண்டரைப் பிடித்துச் சிறையில் வைத்தது. ஜோசியம் சொல்கிறவனை எந்த சர்க்காரும் சிறையில் வைக்காது. மிருகம் யார் என்று ஜனங்களுக்கு விளங்கும்படி சொல்கிறவனைத்தான் வைக்கும்.

தேதி குறித்தவர்கள்

அடிமைகளின் கோபத்தைப் பஞ்சாங்கமாக மாற்றியவர்கள் பிறகு வந்தார்கள். அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் கூட்டத்தார் 1844 அக்டோபர் 22 என்று குறித்தார்கள். பலர் அறுவடையையும் வயலிலேயே விட்டுக் காத்திருந்தார்கள். திருவாங்கூரில் விதுவான்குட்டி என்ற யுஸ்தூஸ் யோசேப்பு 1875ல் தொடங்கி, ஆறு வருஷத்தில் 1881ல் கிறிஸ்து வருவார் என்றார். ரஸலைப் பின்பற்றியவர்கள் 1914 என்றார்கள். அந்த வருஷம் வந்தது ஏகாதிபத்திய யுத்தம். அதை மூட்டியது காலனிக்காகச் சண்டையிட்ட முதலாளித்துவ சர்க்கார்கள்.

இன்று நம் ஊரில் ஒலிக்கும் அட்டவணைப் பிரசங்கத்தின் ஊற்று எது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டார்பி வகுத்தது. 1909ல் அமெரிக்காவின் ஸ்கோஃபீல்டு தமது வேதாகமக் குறிப்புகளில் அச்சிட்டுப் பரப்பியது. 1970ல் ஹால் லிண்ட்சே என்ற அமெரிக்கர் அதையே விற்பனைப் புத்தகமாக்கினார். அதில் கோகு என்னும் சத்துரு எது தெரியுமா? சோவியத் ருஷ்யா! சோவியத் யூனியன் 1991ல் கலைந்தது. அட்டவணை கலைந்ததா? இல்லை, பெயரை மாற்றிக்கொண்டது. ரோமாபுரி ஏகாதிபத்தியத்தைத் தாக்கிய புத்தகத்தை வாஷிங்டன் ஏகாதிபத்தியத்தின் கைக்கருவியாக்கிய சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது?

தேதி தவறியபோதெல்லாம் குறித்தவர்கள் நஷ்டப்பட்டதில்லை. நிலத்தை விற்றவனும், வேலையை விட்டவனும், காணிக்கை போட்டவளும்தான் நஷ்டப்பட்டார்கள்.

தண்ணீர் ஏன் கசந்தது?

எட்டாம் அதிகாரத்தில் ஒரு நட்சத்திரம் ஆறுகளின்மேலும் ஊற்றுகளின்மேலும் விழுகிறது. தண்ணீர் எட்டியாகக் கசந்து, குடித்தவர்கள் சாகிறார்கள். இதைப் படித்துவிட்டு, "பார், நம் பாலாறு!" என்று பிரசங்கி சொல்லும்போது கேட்பவர் உடல் சிலிர்க்கிறது. ஏனெனில் கிணற்றுத் தண்ணீர் கசப்பது பொய்யல்ல.

ஆனால் எந்த நட்சத்திரம் விழுந்தது? நமது பெரியவர்கள் ஆவாரம் பட்டையில் தோல் பதனிட்ட காலத்தை நினைவில் வைத்திருக்கிறார்கள். 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதியை சர்க்கார் கட்டுப்படுத்தி, முடித்த தோலுக்கும் ஷூவுக்கும் ஊக்கம் கொடுத்தது. அந்நியச் செலாவணி வந்தது. அதோடு குரோமியமும் வந்தது. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் தோல் போயிற்று; கழிவு இங்கே தங்கிற்று. கழிவு நீரைச் சுத்தம் செய்யும் செலவு லாபத்தில் கைவைக்கும் என்பதால், அதை ஆற்றிலும் ஏரியிலும் திறந்துவிட்டார்கள். வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக் கூறிற்று. தோல் பிரதேசத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழாகிவிட்டது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவனே நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று கோர்ட் விதித்தது. பிறகு? 2025 ஜனவரி 30ல் அதே சுப்ரீம் கோர்ட், அதே பாலாற்றுக்காக, நஷ்டஈடு கொடுங்கள், கண்காணிப்புக் கமிட்டி போடுங்கள் என்று மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. நடுவில் இருபத்தெட்டு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது!

2015 ஜனவரி 31ந் தேதி விடியுமுன் ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்மேல் ரசாயனச் சேறு பாய்ந்து பத்துப் பேர் மடிந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி மேற்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள். அந்தச் சுவரை எந்தத் தேவதூதன் உடைத்தான்? எந்த எக்காளம் ஊதிற்று? நட்சத்திரம் என்று சொன்னால் யாரையும் கோர்ட்டில் நிறுத்த முடியாது. முதலாளி என்று சொன்னால் நிறுத்தலாம். கடைசி நாள் பிரசங்கத்தால் லாபமடைகிறவன் யார் என்பது இங்கே வெட்டவெளிச்சம். மேடையேறுகிற பிரசங்கி கூலி வாங்கிக்கொண்டு பேசுகிறார் என்று நாம் சொல்லவில்லை. அவர் மனதார நம்பியே பேசலாம். ஆனால் விளைவு அதுதான்: குற்றவாளி வானத்தில் மறைந்துகொள்கிறான்.

2021ல் வீடு இடிந்து செத்த ஒன்பது பேர் விஷயமும் அப்படியே. மழை எல்லார்மேலும் பெய்கிறது. பலமான வீட்டில் இருப்பவனுக்கு அது மழை. பழுதான சுவருக்குக் கீழே படுப்பவனுக்கு அது எமன். இந்த வித்தியாசத்தை எந்தத் தீர்க்கதரிசனமும் ஏற்படுத்தவில்லை.

நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை

"இதெல்லாம் மூடநம்பிக்கை, நமக்கெதற்கு?" என்று தோள் குலுக்கிவிட்டுப் போகும் தோழர்கள் நம்மில் உண்டு. அவர்கள் எங்கெல்ஸைப் படிக்கட்டும். வெளிப்படுத்தின விசேஷத்தைப் பற்றி 1883ல் அவர் தனிக் கட்டுரையே எழுதினார். மரணத்துக்கு முந்திய வருஷம், 1894ல், ஆதிக் கிறிஸ்தவத்தின் சரித்திரத்தைப் பற்றி மறுபடியும் எழுதினார். புத்தகத்தின் காலத்தை அவர் 68, 69 என்று கணித்தார்; இன்றைய ஆராய்ச்சி அதைப் பிற்படுத்தியிருக்கிறது. ஆனால் அவர் சொன்ன சாரம் நிற்கிறது. ஆதிக் கிறிஸ்தவம் அடிமைகளும் ஏழைகளும் உரிமையற்றவர்களும் சேர்ந்த இயக்கம். இன்றைய தொழிலாளர் இயக்கத்தோடு அதற்கு ஒப்புமைகள் உண்டு. இருவரும் விடுதலையைத் தேடினார்கள். அவர்கள் அதைச் சாவுக்கு அப்பால், பரலோகத்தில் வைத்தார்கள், நாம் இந்த உலகத்திலேயே, சமுதாய மாற்றத்தில் வைக்கிறோம். இந்த வித்தியாசம் சின்ன வித்தியாசமல்ல. அதை மூடி மறைக்கவும் வேண்டாம். ஆனால் ஒப்புமையை மறந்தவன் தொழிலாளியின் வீட்டு வாசலிலேயே நின்றுவிடுவான்.

கடைசி நாட்களைப் பற்றிப் பேசும் இன்னொரு பகுதி வேதத்தில் இருக்கிறது. யாக்கோபின் நிருபம், ஐந்தாம் அதிகாரம். கடைசி நாட்களில் பொக்கிஷம் சேர்த்த ஐசுவரியவான்களை அது அழைத்து நிறுத்துகிறது. அவர்கள்மேல் என்ன குற்றச்சாட்டு? வயல் அறுத்தவர்களின் கூலியை வஞ்சித்துப் பிடித்துக்கொண்டார்கள் என்பதே! அந்தப் பிடித்த கூலி கூக்குரலிடுகிறதாம். பி.எஃப். பிடித்தம் செய்து கட்டாமல் விட்ட பணம், மிகைநேர வேலைக்குக் கொடுக்காத பணம், நின்றுபோன கம்பெனி தராமல் இழுத்தடிக்கும் கிராஜுவிட்டி எல்லாம் கூக்குரலிடவில்லையா? கடைசி காலத்தின் அடையாளங்களை அடுக்குகிற பிரசங்கியை, இந்த அடையாளத்தையும் சேர்த்து வாசிக்கும்படி விசுவாசிகளே கேட்கட்டும்.

கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்று தெசலோனிக்கேயாவில் சிலர் கலங்கினார்கள். சிலர் வேலையையும் விட்டார்கள். அவர்களுக்கு எழுதிய நிருபம், வேலை செய்ய மனதில்லாதவனுக்குச் சாப்பாட்டு உரிமை இல்லை என்று கண்டித்தது. அந்த வாசகத்தின் கருத்து 1936ஆம் வருஷத்து சோவியத் அரசியல் சட்டத்தின் பன்னிரண்டாம் ஷரத்தில் இடம்பெற்றது. ஏழைகளின் வேதத்திலிருந்து பாட்டாளி சர்க்கார் கூச்சப்படாமல் எடுத்துக்கொண்டது. நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

செய்ய வேண்டியது

காத்திருக்க நேரமில்லை. 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கி, 2025 நவம்பர் 21ல் மத்திய சர்க்கார் அமுலுக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆளை நிறுத்துவதும் ஆலையை மூடுவதும் முதலாளிக்குச் சுலபமாகியிருக்கிறது. இது எந்த முத்திரையை உடைத்ததால் வந்தது? ஓட்டு வாங்கி உட்கார்ந்தவர்கள் போட்ட முத்திரையால் வந்தது.

பாலாற்றுத் தீர்ப்பின்படி நஷ்டஈடு விவசாயிகளின் கைக்கு வர வேண்டும். கழிவுத் தொட்டியில் மனிதனை இறக்குவது நிற்க வேண்டும்; இறக்கிச் சாகடித்தவன் சிறைக்குப் போக வேண்டும். காண்டிராக்ட் கூலிகளுக்கும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடைக்க வேண்டும். இடியும் நிலையில் உள்ள வீடுகளை அடுத்த மழைக்கு முன் கணக்கெடுத்து, குடியிருப்போருக்கு மாற்றிடம் தர வேண்டும். இந்தக் கோரிக்கைகளில் கையெழுத்துப் போட கிறிஸ்தவனுக்கோ, முஸ்லிமுக்கோ, இந்துவுக்கோ அவரவர் வேதத்தில் தடை உண்டா? ஒரு வரி காட்டட்டும் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போங்கள். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போங்கள். அது உங்கள் உரிமை. சங்கக் கூட்டத்துக்கும் வாருங்கள். ரோமாபுரி தானாக விழும் என்று ஏழு சபைகளும் எதிர்பார்த்தன. மிருகம் போய் மிருகம் வந்தது. இரண்டாயிரம் வருஷ அனுபவம் போதாதா? ஏகாதிபத்தியமும் சுரண்டலும் தாமாக விழாது, தள்ள வேண்டும். தள்ளுவதற்குக் கைகள் வேண்டும். அந்தக் கைகள் இந்தத் தோல் பிரதேசத்தில் ஆயிரமாயிரம் இருக்கின்றன.